வதிவிடப் பாடசாலைகளுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? கனடாவின் முதற்குடிகளும் அரசின் கல்விச் செலவும்

ஸ்காபரோவாசி எழுதியது:

செப்டம்பர் 30 அன்று என் மகள் செம்மஞ்சள் சட்டை அணிந்து பாடசாலைக்குப் போனாள். பெற்றோரிடமிருந்து பிரித்து வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டு செல்லப்பட்ட முதற்குடிப் பிள்ளைகளை நினைவுகூரும் நாள் அது. மாலையில் வந்தவள், "அப்பா, அந்தப் பாடசாலைகளுக்கு யார் காசு கட்டினார்கள்?" என்று கேட்டாள். அரசும் தேவாலயங்களும் என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை என்பதால் சில மாதங்களாக இதைத் தேடிப் படித்து வருகிறேன். படித்ததை இங்கே வைக்கிறேன், அறிந்தவர்கள் திருத்துங்கள்.

1867ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் கல்வியை மாகாணங்களிடம் கொடுத்தது (93ஆம் பிரிவு). ஆனால் "இந்தியர்களும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலங்களும்" (முதற்குடிகளைச் சட்டம் இந்தியர்கள் என்றே அழைத்தது) மத்திய அரசின் பொறுப்பு என்று 91ஆம் பிரிவின் 24ஆம் உட்பிரிவு கூறியது. ஆகவே ஒரே ஊரில், வேலிக்கு இந்தப் பக்கம் வாழும் பிள்ளையின் பாடசாலையை மாகாணமும் அந்தப் பக்கத்து ஒதுக்கு நிலத்தில் வாழும் பிள்ளையின் பாடசாலையை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசும் நடத்தும் நிலை உருவானது. மாகாணப் பாடசாலைகளுக்கு நாளடைவில் கல்விச் சட்டங்களும் வரிப்பணமும் தெரிவு செய்யப்பட்ட கல்விச் சபைகளும் வந்து சேர்ந்தன. வேலிக்கு அந்தப் பக்கம் இவை எதுவும் வரவில்லை, மத்திய அரசின் இந்தியர் விவகாரத் திணைக்களத்தின் ஆண்டுச் செலவுப் பட்டியலில் ஒரு வரி மட்டுமே இருந்தது.

1879இல் நிக்கலஸ் ஃபிளட் டேவின் என்பவர் அமெரிக்காவின் ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு வந்து, தேவாலயங்களோடு ஒப்பந்தம் செய்து, விடுதியோடு கூடிய தொழிற்பாடசாலைகளை நடத்தலாம் என்று அறிக்கை கொடுத்தார். 1883இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்ட், ஒதுக்கு நிலத்துப் பாடசாலையில் படிக்கும் பிள்ளை பெற்றோரோடு வாழ்வதால் எழுத்துக் கற்றாலும் பழக்கவழக்கம் மாறாது என்று நாடாளுமன்றத்தில் வாதிட்டார். பற்றில்ஃபோர்ட், கப்பெல், ஹை ரிவர் ஆகிய இடங்களில் முதல் தொழிற்பாடசாலைகள் தொடங்கின. தொடக்கத்தில் செலவு முழுவதையும் அரசே ஏற்றது. செலவு ஏறியதும் 1892இல் ஓர் அரசாணை மூலம் முறை மாறியது. அதன்பின் ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தலைவீத மானியம் மட்டுமே கிடைக்கும், மிச்சத்தைப் பாடசாலையை நடத்துபவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் இந்த 1892இல்தான் நின்றுவிட்டேன். கொடுமையான மனிதர்கள் அங்கே இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால், நல்ல மனிதர் ஒருவர் அதிபராக அமர்ந்திருந்தாலும் இந்தப் பண ஏற்பாடு அவரைக் கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நிலைக்குத் தள்ளியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கருத்து என்ன?

நெல்லைச்சீமை எழுதியது:

ஐயா, விரிவாக எழுதியதற்கு நன்றி. நான் தமிழ்நாட்டிலிருந்து படிப்பவன், கனடாவை நேரில் அறியாதவன். எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்ததும், தாய்மொழியில் பேசியதற்காக அடித்ததும், பெயருக்குப் பதிலாக எண் கொடுத்ததும் அல்லவா இங்கே முதன்மையான குற்றங்கள்? பணக்கணக்கை முன்னால் வைத்தால், போதிய பணம் இருந்திருந்தால் இந்தத் திட்டம் நல்லதாக இருந்திருக்கும் என்ற பொருள் வந்துவிடாதா? மேலும், அந்தக் காலத்தில் எல்லா ஏழைப் பிள்ளைகளின் விடுதிகளும் குறைந்த பணத்தில்தானே நடந்திருக்கும்?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நெல்லைச்சீமை கேட்ட இரண்டாவது கேள்விக்கு ஆவணங்களில் நேரடியான விடை இருக்கிறது. வதிவிடப் பாடசாலைகளைப் பற்றி விசாரித்த உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட அறிக்கை அதைத் தொகுத்துத் தருகிறது. 1937இல் வதிவிடப் பாடசாலை மாணவர் ஒருவருக்கு அரசு கொடுத்தது ஆண்டுக்குச் சராசரியாக 180 டொலர். அதே காலத்தில் மனிற்றோபாவில் செவிப்புலனற்றோர் பாடசாலையில் ஒரு பிள்ளைக்கு 642 டொலரும், சிறுவர் சீர்திருத்தப் பாடசாலையில் 550 டொலரும் செலவிடப்பட்டன. அமெரிக்காவில் ஒக்லஹோமாவின் சிலோக்கோ விடுதிப் பாடசாலையில், அங்கும் பூர்வகுடிப் பிள்ளைகளே படித்தார்கள், 350 டொலர். ஆகவே அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள் என்பது பொருந்தாது. சட்டத்தை மீறிய சிறுவன் ஒருவனுக்குச் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட, எந்தக் குற்றமும் செய்யாத கிரீ முதற்குடிப் பிள்ளைக்கு அரசு செலவிடவில்லை.

இந்த ஏற்பாடு பாடசாலைக்குள் எப்படி வேலை செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். தலைக்கு இவ்வளவு என்றால், படுக்கை ஒன்று காலியாக இருந்தால் அந்தப் பணம் வராது, விறகுச் செலவோ குறையாது. எனவே இடம் கொள்ளாத அளவுக்குப் பிள்ளைகளைச் சேர்த்தார்கள், காசநோய் கண்ட பிள்ளைகளையும் எண்ணிக்கைக்காகச் சேர்த்தார்கள், சேர்த்தவர்களை அனுப்பத் தயங்கினார்கள். அதோடு அரை நாள் முறை என்று ஒன்று இருந்தது: காலையில் வகுப்பு என்றால் மாலையில் வயல், தொழுவம், சலவைக்கூடம், தையல். தொழிற்பயிற்சி என்ற பெயரில் பாடசாலையின் வரவுசெலவில் இருந்த பள்ளத்தைப் பிள்ளைகளின் உடலுழைப்பு நிரப்பியது. பல ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு மூன்றாம் நான்காம் வகுப்பு அறிவோடு வெளியேறியவர்கள் பலர் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1907இல் திணைக்களத்தின் தலைமை மருத்துவ அதிகாரியான பீற்றர் ஹெண்டர்சன் பிரைஸ் புல்வெளி மாகாணங்களின் 35 பாடசாலைகளைப் பார்வையிட்டார். அவருக்குக் கிடைத்த 1,537 மாணவர்களின் விவரங்களில் ஏறத்தாழ 24 விழுக்காட்டினர் இறந்துவிட்டிருந்தனர். சஸ்காச்சுவானின் ஃபைல் ஹில்ஸ் பாடசாலையின் முன்னாள் மாணவர்களில் இறந்தவர்கள் 69 விழுக்காடு. காற்றோட்டம் இல்லாத படுக்கை அறைகளையும் நோயுற்றவர்களைப் பிரித்து வைக்காததையும் அவர் சுட்டிக் காட்டினார். 1910இல் தேவாலயங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மானியத்தைச் சற்று உயர்த்தி, கட்டடத் தரங்களையும் விதித்தது. ஆனால் அந்த மானியம் விலைவாசியோடு சேர்ந்து ஏறவில்லை, 1930களின் பொருளாதார மந்தத்தில் குறைக்கவும் பட்டது. பிரைஸ் ஓய்வுபெற்ற பின், 1922இல், தம் கண்டறிதல்களைத் தாமே ஒரு சிறுநூலாக வெளியிட வேண்டியிருந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1920இல், 7 முதல் 15 வயது வரையான பிள்ளைகளைக் கட்டாயமாகப் பாடசாலைக்கு அனுப்பவைக்கும் அதிகாரத்தைத் திணைக்களம் சட்டத் திருத்தத்தின் வழியே பெற்றுக்கொண்டது. சாவு விகிதம் தெரிந்திருந்தபோதே அதைச் செய்தார்கள் என்பதை என்னால் அமைதியாகப் படிக்க முடியவில்லை.

முதல் கேள்விக்கு வருகிறேன். பணம் கூடியிருந்தால் திட்டம் நல்லதாகியிருக்காது, அதில் உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். பிரிப்பதே அதன் நோக்கம். ஆனால் நோக்கத்தை மட்டும் சொன்னால் பிள்ளைகள் ஏன் அத்தனை எண்ணிக்கையில் இறந்தார்கள் என்பதற்கு விடை கிடைக்காது. ஏறத்தாழ 150,000 பிள்ளைகள் அந்த வாசல்களுக்குள் போனார்கள். அவர்களில் இறந்தவர்களாக இதுவரை பெயர் பதிவானவர்களே 4,000க்கு மேல். அந்த இறப்புகளின் பின்னால் மானியப் பட்டியல் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு திருத்தம் அல்ல, ஒரு சேர்க்கை. "அரசு கொடுத்தது" என்று நாம் எல்லாரும் எழுதுகிறோம். அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

1871இல் மனிற்றோபாவில் முதற்குடிகளுடன் கையெழுத்தான முதலாம் உடன்படிக்கையில், அவர்கள் விரும்பும்போது ஒவ்வோர் ஒதுக்கு நிலத்திலும் ஒரு பாடசாலையை நடத்துவதாக அரசி சார்பில் வாக்களிக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொடர்ந்து வந்த எண்ணிட்ட உடன்படிக்கைகளிலும் பாடசாலை அல்லது ஆசிரியர் பற்றிய வாக்குகள் உண்டு. நிலத்துக்கு ஈடாகப் பெற்றுக்கொண்ட வாக்கு அது. வாங்கிய பொருளுக்கு விலையாகச் சொன்ன தொகையைப் பிற்பாடு உதவித்தொகை என்று கணக்கில் எழுதினால், எந்தக் கணக்கரும் அதை ஏற்கமாட்டார். உடன்படிக்கையில் இருந்தது அவர்கள் விரும்பும்போது, அவர்கள் நிலத்திலேயே ஒரு பாடசாலை. கிடைத்தது தொலைவில், கட்டாயத்தின் பேரில், விடுதியோடு கூடிய ஒன்று.

இதற்கும் முற்பட்ட ஒரு நிகழ்வு உண்டு. 1846 யூலையில் ஒன்ராறியோவின் ஒரில்லியாவில் கூடிய முதற்குடித் தலைவர்களிடம், தொழிற்பாடசாலைகளுக்காகத் தங்கள் ஆண்டுப்படியில் நான்கில் ஒரு பங்கை 25 ஆண்டுகளுக்குக் கொடுக்குமாறு கேட்கப்பட்டது. ஆண்டுப்படி என்பது நிலத்தை விட்டுக்கொடுத்ததற்காக அவர்களுக்குச் சேரவேண்டிய பணம். பலர் இணங்கினார்கள். அவர்களில் சிலர் எதிர்காலத்தில் தங்கள் மக்களே அந்தப் பாடசாலைகளை நடத்துவார்கள் என்று நம்பினார்கள். மிசிசாகா மக்களின் தலைவரும் மெதடிஸ்ட் போதகருமான பீற்றர் ஜோன்ஸ் இதற்காகப் பிரித்தானியாவுக்குப் போய் நிதி திரட்டியவர். அந்தப் பாடசாலைகளின் நிர்வாகம் அவர்கள் கைக்கு வரவேயில்லை.

புதுவரவு எழுதியது:

வணக்கம். நான் கனடாவுக்கு வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. யாரையும் புண்படுத்தும் எண்ணம் எனக்கு இல்லை, ஆனால் என் வேலையிடத்தில் பலர் கேட்கும் கேள்வியை நானும் நேர்மையாகக் கேட்கிறேன். 2006இல் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது. 2008 யூன் 11 அன்று பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். கடைசி வதிவிடப் பாடசாலைகள் 1990களில் மூடப்பட்டுவிட்டன. அதற்கு நெடுங்காலம் முன்பே ஒதுக்கு நிலங்களின் பாடசாலைகளை முதற்குடிகளே நடத்தத் தொடங்கிவிட்டதாகவும் படித்தேன். அப்படியிருந்தும் பிள்ளைகள் பின்தங்கியே இருக்கிறார்கள் என்றால், அதற்கு இன்னும் அரசின் பணமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

வடக்கின் ஆசிரியை எழுதியது:

புதுவரவு தம்பி, கேட்டது நல்லது. நான் வின்னிபெக்கில் வசிக்கிறேன். மனிற்றோபாவின் வடக்கே, குளிர்காலத்தில் உறைபனிச் சாலையும் மற்றக் காலத்தில் சிறு விமானமும் மட்டுமே போகும் ஓர் ஊரில் இரண்டு ஆண்டுகள் கற்பித்தேன். ஊர்ப் பெயரைத் தவிர்க்கிறேன்.

நிர்வாகம் கைமாறியது உண்மை, அதுவும் போராடிப் பெற்றது. 1970இல் அல்பேர்ட்டாவின் புளூ குவில்ஸ் பாடசாலையைப் பெற்றோரும் முதியோரும் உள்ளே அமர்ந்து போராடித் தங்கள் நிர்வாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1972இல் தேசிய இந்தியச் சகோதரத்துவம் என்ற அமைப்பு, தங்கள் பிள்ளைகளின் கல்வி தங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்ற கொள்கை அறிக்கையை வெளியிட்டது, அடுத்த ஆண்டு அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஏற்றுக்கொண்டது நிர்வாகத்தை மட்டுமே. எவ்வளவு பணம், எந்தச் சூத்திரப்படி என்பதை ஒட்டாவாவே தொடர்ந்து தீர்மானித்தது. வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு அரிசிப்பானையைத் தன்னிடமே வைத்துக்கொண்டது போன்ற நிலை.

1980களின் இறுதியில் வந்த நிதிச் சூத்திரம் 1996இல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது. நூலகம், கணினி, தொழிற்கல்வி, தாய்மொழிக் கல்வி போன்றவற்றுக்கு அதில் உரிய இடம் இல்லை. 1996இலேயே முதற்குடிகளுக்கான அடிப்படைச் சேவைகளின் நிதி ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் வளரக்கூடாது என்று வரம்பு விதிக்கப்பட்டது. அங்கே பிறப்பு விகிதம் நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம், விலைவாசியும் ஏறுகிறது. இரண்டையும் சேர்த்தால் தலைக்குக் கிடைப்பது ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே போகும். இந்த வரம்பு 2016 வரை, 20 ஆண்டுகள் நீடித்தது. நான் வேலை செய்த பாடசாலையில் "நூலகம்" என்ற பெயர்ப்பலகை ஓர் அறையின் கதவில் இருந்தது. உள்ளே மூன்றாம் வகுப்பு நடந்தது, ஏனென்றால் அந்த வகுப்புக்கு வேறு அறை இல்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. 1951இன் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒதுக்கு நிலத்துப் பிள்ளைகளை அருகிலுள்ள மாகாணப் பாடசாலைக்கு அனுப்பி, அதற்கான கட்டணத்தை மத்திய அரசின் நிதியிலிருந்து செலுத்தும் ஏற்பாடு பரவலாக வந்தது. மாகாணக் கல்விச் சபை தன் உண்மையான செலவைக் கணக்கிட்டுக் கட்டணப் பட்டியல் அனுப்பும், அது செலுத்தப்படும். ஆகவே அதே பிள்ளை ஊரில் படித்தால் ஒரு தொகை, பக்கத்து நகரத்துக்குப் போனால் அதைவிடப் பெரிய தொகை. பிள்ளையின் மதிப்பு பேருந்தில் ஏறியவுடன் உயர்ந்தது.

கணக்காய்வாளர் நாயகத்தின் அறிக்கைகளையும் படித்துப் பாருங்கள். உயர்நிலைக் கல்வியை முடிப்பதில் ஒதுக்கு நிலத்தாருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள இடைவெளி மூட 28 ஆண்டுகள் ஆகும் என்று 2004இல் எழுதப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட காலத்தைவிட அது நீளமானது. 2018இன் அறிக்கை, 46 விழுக்காட்டினர் முடிக்கிறார்கள் என்று திணைக்களம் அறிவித்துவந்தாலும், இடையில் நின்றுபோனவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது 24 விழுக்காடுதான் என்று காட்டியது. விட்டுப்போனவர்களை எண்ணாமல் விட்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் சிலரின் முகங்கள் எனக்குத் தெரியும், அதனால் அந்த வரியைக் கடந்துபோக எனக்கு நேரமெடுத்தது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

ஆசிரியை அவர்கள் சொன்னதோடு அற்றவாப்பிஸ்கற்றையும் சேர்க்க வேண்டும். ஜேம்ஸ் குடாக் கரையிலுள்ள கிரீ மக்களின் ஊர் அது. 1979இல் பாடசாலையின் அடியில் டீசல் கசிந்து மண்ணில் ஊறியது, 2000இல்தான் அந்தக் கட்டடம் மூடப்பட்டது. அதன்பின் பிள்ளைகள் தற்காலிகக் கூடாரங்கள் போன்ற நகரும் வகுப்பறைகளில் படித்தார்கள். 2008இல் எட்டாம் வகுப்பு மாணவர்கள் தங்கள் சுற்றுலாவைக் கைவிட்டு ஒட்டாவாவுக்குப் போய் அமைச்சரைச் சந்தித்தார்கள். புதிய பாடசாலைக்குப் பணம் இல்லை என்று அவர் சொன்னபோது, அதை ஏற்கமுடியாது என்று அவரிடமே சொன்னவள் ஷானன் கூஸ்டச்சின் என்ற சிறுமி. உயர்நிலைக் கல்விக்காக வீட்டை விட்டுத் தொலைவில் வாழ வேண்டியிருந்த அவள் 2010இல் சாலை விபத்தில் 15 வயதில் இறந்தாள். 2012இல் நாடாளுமன்றம் அவள் பெயரால் அறியப்பட்ட தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. 2014இல் அந்த ஊரில் புதிய பாடசாலை திறந்தது. மண்ணில் எண்ணெய் ஊறியதற்கும் அந்தத் திறப்புக்கும் இடையே 35 ஆண்டுகள்.

நெல்லைச்சீமை எழுதியது:

என் முதல் பதிவில் எழுதிய தயக்கத்தை மாற்றிக்கொள்கிறேன். பணக்கணக்கு குற்றத்தை மறைக்கும் என்று அஞ்சினேன். இங்கே அது குற்றத்தை இன்றுவரை தொடர்ந்து காட்டுகிறது. ஒரு கேள்வி: 2014இல் மத்திய அரசு 190 கோடி டாலருடன் ஒரு கல்விச் சட்ட முன்வரைவைக் கொண்டுவந்ததாகவும், முதற்குடித் தலைவர்கள் பலரே அதை எதிர்த்ததாகவும் அறிகிறேன். பணம் வந்தபோது ஏன் மறுத்தார்கள்?

கணக்குப்பிள்ளை எழுதியது:

பணத்தோடு வந்த நிபந்தனைகளே காரணம். அந்த முன்வரைவின் தலைப்பில் முதற்குடிகளின் கட்டுப்பாடு என்று இருந்தாலும், தரங்களை வகுப்பதிலும் பாடசாலை நிர்வாகத்தில் தலையிடுவதிலும் அமைச்சருக்கு மிகுந்த அதிகாரம் இருந்தது. முதற்குடிகள் பேரவையின் தேசியத் தலைவர் ஷோன் அட்லியோ அதை ஆதரித்ததால் எழுந்த எதிர்ப்பில் 2014 மே மாதத்தில் பதவி விலகினார். முன்வரைவும் கைவிடப்பட்டது. பிள்ளைகளைக் கொண்டு சென்ற திணைக்களத்தின் கையிலேயே மீண்டும் அதிகாரத்தைக் கொடுக்க மக்கள் மறுத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அதனோடு வரவேண்டிய பணம் வராமல் போனதன் பாரத்தைப் பிள்ளைகளே சுமந்தார்கள் என்பதையும் மறுக்க முடியாது.

இரண்டும் சேர்ந்து கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நோவா ஸ்கோஷியாவைப் பார்க்கலாம். மிக்மா மக்களின் ஒன்பது குடிகள் 1997இல் அரசோடு உடன்பாடு செய்துகொண்டன, 1998இல் அது சட்டமானது. கல்வியின் அதிகாரமும் நிதியும் ஒன்றாக அவர்களின் கூட்டு அமைப்புக்குப் போயின. தாய்மொழி பாடத்திட்டத்தில் இடம்பெற்றது. அங்கே உயர்நிலைக் கல்வியை முடிப்பவர்கள் பத்தில் ஒன்பது பேருக்கு அருகில் வந்திருக்கிறார்கள்.

புதுவரவு எழுதியது:

எனக்குத் தெரியாதவை பல இருந்தன, பொறுமையாக விளக்கிய அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. 2019இல் நிதி முறை மாறிவிட்டது என்று படித்தேன். இப்போது சமமாகிவிட்டதா?

வடக்கின் ஆசிரியை எழுதியது:

2019 ஏப்ரல் முதல் அடிப்படை நிதியை அந்தந்த மாகாணத்தின் சூத்திரத்தோடு ஒப்பிட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு மேல் மொழிக்கும் பண்பாட்டுக்குமாக ஒரு மாணவருக்கு ஆண்டுக்கு 1,500 டொலர், நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழுநாள் பாலர் வகுப்பு. பெரிய முன்னேற்றம், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். என் நண்பிகள் சிலர் இன்னும் அங்கே கற்பிக்கிறார்கள், வேறுபாட்டை உணர்வதாகச் சொல்கிறார்கள்.

ஆனால் மாகாணத்துக்கு நிகர் என்பதை அளவுகோலாக வைக்கும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். மாகாணப் பாடசாலை சரியான கட்டடத்தோடும் குழாயில் வரும் குடிநீரோடும் தொடங்குகிறது. இரண்டு மணி நேரம் விமானத்தில் பறந்து வரவேண்டிய ஆசிரியருக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டிய ஊர், அந்த இடத்திலிருந்து தொடங்கவில்லை. இன்று சமமான தொகையைக் கொடுப்பது, நூறு ஆண்டுகளாகக் கொடுக்காமல் விட்டதைக் கொடுத்ததாக ஆகாது. தாத்தா பாட்டியிடமிருந்து அடித்துப் பறிக்கப்பட்ட மொழியைப் பேரப்பிள்ளைக்குத் திரும்பக் கற்பிக்க 1,500 டொலர் போதுமா என்று கேட்டால், அந்த மொழியில் ஒரு வாசிப்பு நூலை அச்சிட எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஸ்காபரோவாசி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை எழுதிய ஒரில்லியா நிகழ்வை வாசித்தபின் நிலப்படத்தை எடுத்துப் பார்த்தேன். ரொறன்ரோவைச் சுற்றியுள்ள நிலத்தைப் பற்றி 1923இல் கையெழுத்தான வில்லியம்ஸ் உடன்படிக்கைகளில் ஆல்டர்வில் மிசிசாகா மக்களும் ஒரு தரப்பினர். ஆண்டுப்படியில் நான்கில் ஒரு பங்கைக் கொண்டு நடத்தப்பட்ட தொழிற்பாடசாலைகளில் ஒன்று அந்த ஆல்டர்வில்லில்தான் இருந்தது. நாங்கள் வாழும் இந்தப் பக்கத்து நிலத்துக்கு உரியவர்கள் தங்கள் பிள்ளைகளின் பாடசாலைக்குத் தாங்களே காசு கட்டியிருக்கிறார்கள்.

2021இல் திருத்தப்பட்ட குடியுரிமை உறுதிமொழியில் முதற்குடிகளின் உடன்படிக்கை உரிமைகளை ஏற்று உறுதிசெய்யும் அரசமைப்பு உட்பட, கனடாவின் சட்டங்களைக் கடைப்பிடிப்பதாக ஒரு வரி சேர்க்கப்பட்டது. வரும் மாதத்தில் என் மாமியார் அந்த உறுதிமொழியை எடுக்கப் போகிறார். அந்த வரிக்கு என்ன பொருள் என்று அவர் என்னிடம் கேட்டிருக்கிறார். இந்த இழையை அச்சிட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். மகளிடம் நேற்று இரவு விடையைச் சொன்னேன். "அப்படியென்றால் அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்டாள். ஒரில்லியாவில் பிடித்துக்கொண்ட அந்த நான்கில் ஒரு பங்கின் கணக்கு பற்றிக் கணக்குப்பிள்ளை மேலும் அறிந்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.